வெள்ளச்சியின் கட்டைவிரல்

வெகுகாலத்துக்கு முன்னே ஏழாற்று நாட்டை மகரகேது என்றொரு அரசன் ஆண்டுவந்தான். காலையில் ஒரு சட்டம் போடுவான்; மாலையில் மறந்துவிடுவான். மறக்காமல் ஜனங்களைப் பிடித்து வரத் தளபதி வச்சிரமுடி இருந்தார்.

தளபதி எழுதிக் கொடுத்த சட்டம் ஒன்று. உள்நாட்டார் இடுப்பில் கத்தியை மறைத்து வைக்கலாம். வெளிநாட்டாருக்கு அனுமதி ஓலை வேண்டும். அதற்கு அவர் பிறந்த ஊர்க்காரர் ஒருவர் நேரில் வந்து, கைநாட்டு வைத்துப் பிணை நிற்க வேண்டும். ஓலையில்லாதவருக்கு வலது கட்டைவிரல் போகும்.

அண்டை நாட்டு வெண்கல்கோட்டையிலிருந்து உப்பு வண்டி ஓட்டிவந்த வெள்ளச்சி பிடிபட்டாள். திருடர் திரியும் காட்டுவழியில் தனியாக வருகிறவள், மடியில் கத்தி வைத்திருந்தாள். தன் நாட்டு அனுமதி ஓலையைக் காட்டினாள். காவலர் அதை வாங்கி விசிறிக்கொண்டார்கள்.

காலையில் அவளைச் சபையில் நிறுத்தினார்கள். விரல் போனால் மாட்டுக் கயிறு பிடிக்க முடியாது, பிழைப்பே போச்சு. பயத்தை முகத்தில் காட்டவில்லை.

அரசன் கொட்டாவி விட்டான். "சும்மா வெட்டினால் சுவாரசியமில்லை. நாழிகை வட்டிலில் தண்ணீர் நிரம்புவதற்குள் சட்டத்தில் ஓர் ஓட்டை காட்டு. விரலை வைத்துக்கொள்."

வெள்ளச்சி தளபதியைப் பார்த்தாள். "வெளிநாட்டார்னா யாருங்க ஐயா?"

"வேறு மண்ணில் பிறந்தவர். முப்பது வருஷம் இங்கே குடியிருந்தாலும் வெளிநாட்டார்தான்."

"உங்க இடுப்புல கத்தி இருக்குதுங்களா?"

"இந்தச் சபையில் கத்தியில்லாத இடுப்பே கிடையாது. அது எங்கள் பிறப்புரிமை."

"உங்கம்மா எந்த ஊருங்க?"

"வெண்கல்கோட்டை. மகாராணிக்குத் தோழியாக வந்தவர். அதற்காகச் சலுகை கேட்காதே."

"கேக்கலைங்க. நீங்க எத்தனாவது பிள்ளை?"

"மூத்தவன்."

"தலைப்பிரசவத்துக்குப் பொண்ணைத் தாய்வீட்டுக்குத்தானே அனுப்புவாங்க? நீங்க பிறந்த வீடு எங்க தெருக்கோடியில இருக்கு. தொட்டில்கூட இன்னும் பரண்மேல கிடக்குது."

சபை முழுக்கக் கைகள் மெல்ல இடுப்புக் கத்திகளை மூடிக்கொள்ளப் போயின. எத்தனையோ தலைச்சன் பிள்ளைகள், எத்தனையோ அயல்நாட்டுத் தாய்மார்கள். அரசன் விழுந்து விழுந்து சிரித்தான். பிறகு சட்டென்று நிறுத்தினான். அவனும் மூத்தவன். அவன் தாயும் அதே கோட்டை இளவரசி.

"ஆமாங்க அரசே. நீங்க பிறந்த நாளுக்கு எங்க ஊர்ல வருஷாவருஷம் விளக்கேத்துறோம்."

அரசன் தன் குறுவாளை உருவி மடியில் வைத்தான். "வச்சிரமுடி, என் விரலையும் நீயே வெட்டுவாயா?"

"ஓலை... ஓலை வாங்கிக்கொள்ளலாம், அரசே."

"பிணைக்கு நாம் பிறந்த ஊர்க்காரர் வேண்டுமே. இங்கே யார் இருக்கிறார்?"

எல்லாக் கண்களும் வெள்ளச்சிமேல் திரும்பின. அவள் கட்டைவிரலைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"கைநாட்டு வைக்கிறேனுங்க. ஆனா எங்க ஓலை இங்க செல்லணும், உங்க ஓலை அங்க செல்லணும். அரண்மனைக்கு ஒண்ணு, வண்டிப்பேட்டைக்கு ஒண்ணுன்னு சட்டம் இருக்கக்கூடாது."

வட்டில் நிரம்பவில்லை. அரசன் சம்மதித்தான். அவள் கத்தி அவள் கைக்கு வந்தது. இனி தளபதி எல்லை வாசலில் உட்கார்ந்து வருவோர் ஓலையைப் படித்து, வணக்கம் சொல்லி அனுப்ப வேண்டும் என்று உத்தரவாயிற்று. மகுடம் தானாகத் திருந்தியதில்லை. எவராவது எதிரே நின்று கேட்டால்தான் திருந்தும். அன்றைக்குக் கேட்டவள் ஒரு வண்டிக்காரி.

மாலையில் ஓலைகள் எழுதி வந்தன. தளபதியின் ஓலைமேல் அவள் விரல் நின்றது. "இவர் நல்லவர்னு எதை வெச்சுங்க நான் சொல்றது?"

"தாயி, கொஞ்சம் தயவு பண்ணு," என்றார் வச்சிரமுடி, தரையைப் பார்த்தபடி.

மையில் தோய்த்து அழுத்தினாள். அடுத்து அரசனின் ஓலை. காலையில் வெட்டுப்பட இருந்த அந்தக் கட்டைவிரல், மாலையில் அரியணைக்கே பிணை நின்றது.