பூட்டு விழும் சத்தம்

குரு என்றால் தாடி இருக்க வேண்டும் என்று யார் சொன்னது? போத்தனூர் ரஹ்மத்துக்கு முப்பத்தாறு வயது. சொந்தமாக கார் ஒர்க்‌ஷாப் வைத்திருக்கிறாள். ஞாயிற்றுக்கிழமைகளில் ஆசைப்பட்டு வருகிறவர்களுக்கு ரிப்பேர் வேலை கற்றுக்கொடுக்கிறாள். அவளுடைய சீடர் சூசைநாதனுக்கு அறுபதைத் தாண்டிவிட்டது. ரயில்வேயில் டிக்கெட் பரிசோதகராக இருந்து ஓய்வு பெற்றவர். ஒரு காலத்தில் ரயிலையே அதட்டிக்கொண்டிருந்த மனிதர், ரஹ்மத் முன்னால் நோட்டும் பேனாவுமாக உட்கார்ந்திருப்பார். "டீச்சர்" என்றுதான் கூப்பிடுவார்.

ஒரு ஞாயிறு, வகுப்பு முடிந்த பிறகும் அவர் போகவில்லை.

"வீட்டு ஷெட்டுக்கு, காரைத் தூக்கி நிறுத்தற லிஃப்ட் ஒண்ணு வாங்கணுமுங்க டீச்சர். ரெண்டு தூண் வெச்சது நல்லதா, நாலு தூண் வெச்சது நல்லதா?"

"இப்ப என்ன சார் திடீர்னு?"

"போன மாசம் ஜாக்கி வழுக்கிடுச்சு. நான் வண்டிக்கு அடியில படுத்திருந்தேன்."

ரஹ்மத் கையிலிருந்த ஸ்பேனரைக் கீழே வைத்தாள்.

"ஸ்டெப்னி சக்கரம் அடியில கெடந்துச்சுங்க. வண்டி அது மேல உக்காந்துடுச்சு. அதனாலதான் தப்பிச்சேன். எல்லாம் அந்தோணியார் புண்ணியம். செவ்வாய்க்கிழமை தவறாம மெழுகுவத்தி ஏத்திட்டு வர்றேன்."

"அப்புறம் அடியில போனீங்களா?"

"இல்லீங்க. குனியவே மனசு வரல. நம்பி அடியில நிக்கிற மாதிரி ஒரு லிஃப்ட் கெடச்சா வேலை பாப்பேன். இல்லாட்டி வண்டியை வித்துட வேண்டியதுதான்."

விற்பது என்று சொல்லும்போதே அவர் குரல் இறங்கிவிட்டது. ஓய்வு பெற்ற பிறகு காலையில் எழுந்திருக்க அவருக்கு ஒரு காரணம் கொடுத்தது அந்தப் பழைய அம்பாசிடர்தான்.

"நாளைக்கு வீட்டுக்கு வர்றேன் சார்," என்றாள் ரஹ்மத்.

மறுநாள் வந்தாள். ஷெட்டின் உயரத்தை அளந்தாள். தரையைத் தட்டிப் பார்த்தாள்.

"ரெண்டு தூணுக்கு இந்தத் தரை தாங்காது. நாலு தூண்தான்."

அவ்வளவு சீக்கிரம் பதில் வரும் என்று சூசைநாதன் எதிர்பார்க்கவில்லை. "அவ்வளவுதானுங்களா?" என்றார்.

"அந்தச் சக்கரம் எங்க?"

பின்சுவர் ஓரமாக நின்றது. ரிம் ஒரு பக்கம் நெளிந்திருந்தது.

"அன்னைக்கும் இங்கதான் இருந்துச்சா?"

"ஆமாங்க. இங்கதான் சாத்தி வெப்பேன். எப்படியோ உருண்டு வந்து வண்டிக்கு அடியில விழுந்திருக்கு."

ரஹ்மத் சக்கரத்தை நிமிர்த்தி லேசாகத் தள்ளிவிட்டாள். அது காரின் பக்கவாட்டில் நேராக உருண்டு வாசல் கேட்டில் போய் மோதி விழுந்தது. திரும்பவும் எடுத்து வந்து விட்டாள். திரும்பவும் கேட்டுக்குத்தான் போனது. மழைத் தண்ணீர் வெளியே ஓட வேண்டும் என்று அவரே நின்று சரித்துப் போட வைத்த தரை அது.

மூன்றாவது முறை சூசைநாதன் தானே தள்ளிப் பார்த்தார். சக்கரம் காரை எட்டிக்கூடப் பார்க்கவில்லை.

டீத் தட்டோடு வந்த அவர் மனைவி லூர்து, வாசலில் கிடந்த சக்கரத்தைப் பார்த்து நின்றாள்.

"அக்கா, இது எப்படி வண்டிக்கு அடியில போச்சு?" என்று கேட்டாள் ரஹ்மத்.

"நாந்தாம்மா வெப்பேன். அவரு அடியில போனதும் மெதுவா உருட்டிட்டு வந்து, படுக்கப் போட்டுத் தள்ளிவிடுவேன். வெளியில வர்றதுக்குள்ள எடுத்துடுவேன்."

"எத்தனை நாளா?" என்றார் சூசைநாதன்.

"நீங்க முதல் தடவை அடியில போனதுல இருந்து."

"எங்கிட்ட ஏன் சொல்லல?"

"சொன்னா, என் வேலை மேல நம்பிக்கை இல்லையான்னு குதிப்பீங்க."

குதித்திருப்பார். அது அவருக்கும் தெரியும். கார்க் கதவைத் திறந்து சீட்டின் விளிம்பில் உட்கார்ந்தார். கண்ணாடியைக் கழற்றினார். துடைக்க வேண்டியது கண்ணாடி இல்லை என்பது கொஞ்ச நேரம் கழித்துத்தான் அவருக்கு உறைத்தது.

"உனக்கு ஒரு நன்றி சொல்லாம, நான் பாட்டுக்கு கோயிலுக்குப் போயிட்டு வந்திருக்கேன் லூர்து."

"போனதுல தப்பில்ல. டீ ஆறுது, குடிங்க."

அடுத்த வாரம் மூவரும் லிஃப்ட் விற்கும் கடைக்குப் போனார்கள். நாலு தூண் வைத்ததில் இரண்டு அவருடைய காருக்கும் ஷெட்டுக்கும் பொருந்தின. எடை தாங்குவதில் இரண்டும் ஒன்றுதான். கடைக்காரர் முதலாவதை உயர்த்தினார். நிறுத்திய பிறகு சற்றே இறக்கினார்.

"ஏத்திட்டு எதுக்குங்க இறக்கறீங்க?" என்றாள் லூர்து.

கடைக்காரரை முந்திக்கொண்டு ரஹ்மத் சொன்னாள். "தூக்கறது எண்ணெய் அக்கா. தாங்கறது இரும்புப் பூட்டு. அது மேல உக்காந்தாத்தான் ஆள் அடியில போகலாம்."

முதலாவது பூப்போல உட்கார்ந்தது. சத்தமே இல்லை. சூசைநாதனுக்கு முகம் மலர்ந்தது. இரண்டாவது இறங்கும்போது பூட்டு 'டடக்' என்று விழுந்தது. அவர் முகம் சுளித்தார்.

லூர்து கடையை விட்டு வெளியே போனாள். நாலைந்து கடை தள்ளி, முதுகைக் காட்டிக்கொண்டு நின்றாள். அங்கிருந்தே கையை உயர்த்தி, இன்னொரு தடவை என்று சைகை செய்தாள். இரண்டையும் மறுபடி ஏற்றி இறக்கினார்கள்.

திரும்பி வந்து, சத்தம் போட்டதன் தூணில் கை வைத்தாள். "இதுங்க."

"பக்கத்து வீடு வரைக்கும் கேக்கும் லூர்து."

"எனக்கு அடுப்படி வரைக்கும் கேட்டாப் போதும்."

சூசைநாதன் குருவைப் பார்த்தார்.

"பூட்டு விழுந்துச்சான்னு நான் கண்ணால பாத்துட்டுத்தானே அடியில போவேன் டீச்சர்? அப்புறம் சத்தம் எதுக்குங்க?"

"நீங்க பாப்பீங்க சார்," என்றாள் ரஹ்மத். "சத்தம் உங்களுக்கில்ல."