நீர் மாத்திரை

"எத்தனை தடவை சொன்னாலும் இந்த நோயாளிகள் கேட்கமாட்டேன் என்கிறார்கள், மேடம். நான் என்னதான் செய்ய?"

கேட்டவர் டாக்டர் இருளப்பன். வயது நாற்பத்தாறு. கிராமத்து ஆரம்ப சுகாதார நிலையத்தில் பதினெட்டு வருஷம் ஊசி போட்டுவிட்டு மேல்படிப்புக்கு வந்தவர்.

அவருக்குக் குரு, பொது மருத்துவப் பிரிவின் தலைவி டாக்டர் ரெஜினா. சீடரைவிட ஆறு வயது இளையவர். பேச்சில் கடும் சிக்கனம். அவர் தும்மினால்கூட பாதித் தும்மல்தான் வெளியே வரும் என்பார்கள்.

அது கடலோரத்து அரசு ஆஸ்பத்திரி. பெண்கள் வார்டில் நாற்பது கட்டில். சனிக்கிழமை சாயங்காலம் ஆகிவிட்டால் எண்பது பேர். கட்டிலுக்கு மேலே ஒருத்தி, கீழே ஒருத்தி. சுவரில் இருந்த பல்லிகள் நெரிசல் தாங்காமல் ஆண்கள் வார்டுக்குக் குடிபோய்விட்டன. அவற்றுக்கு அங்கே யாரும் சீட்டுப் போடவில்லை என்பது வேறு விஷயம்.

இருளப்பன் விடுகிற ஆள் இல்லை. ஒரு வருஷத்து அட்மிஷன் ரிஜிஸ்டரை வரிவரியாகப் படித்து, அட்டவணை போட்டுக் கொண்டுவந்திருந்தார்.

"கால் வீங்கி, மூச்சு முட்டி வருகிறவர்களில் பாதிப்பேர் உப்பளத்துப் பெண்கள், மேடம். சனி, ஞாயிறு மட்டும் வருகிறார்கள். மழை பிடித்து அளம் மூடிவிட்டால் ஒருத்தியும் வருவதில்லை. அதே அளத்து ஆண்களுக்கும் இதே இருதய நோய், இதே மாத்திரை. அவர்கள் வருவதில்லை."

"காரணம்?"

"கருவாடு என்று நினைத்தேன்."

"ஆம்பளைங்க கருவாடு தொடுறதில்லையா, சார்?"

இருளப்பன் அட்டவணையைச் சுருட்டினார்.

பதினேழாம் கட்டிலில் மாடத்தி உட்கார்ந்திருந்தாள். ஐம்பத்திரண்டு வயது. உப்பு வாருகிறவள். இந்த வருஷத்தில் இது மூன்றாம் தடவை. ஊசியில் வீக்கம் வடியும், வீட்டுக்குப் போவாள், வீங்கித் திரும்புவாள்.

நாலாம் தடவை வந்தால் பிழைக்கவைக்க முடியாது என்று ரெஜினா சொல்லியிருந்தார்.

நாலாம் தடவை என்று ஒன்று வரக்கூடாது. இருளப்பன் மனதுக்குள் சபதம் போட்டிருந்தார். ஆனால் அவளிடம் பேச்சு அன்றும் வழக்கம்போலத்தான் போனது:

"உப்பைக் குறைங்கம்மா."

"மேஸ்திரிட்ட சொல்லிப் பாக்கேன் சார்."

"சாப்பாட்டுல குறைங்க! நீர் மாத்திரை, காலையில ஒண்ணு. தவறாம போடுறீங்களா?"

"போடுதேன் சார்."

"பின்னே ஏன் வீங்குது?"

"ஒடம்பு வாகு அப்படி சார்."

ரெஜினா இதையெல்லாம் கேட்டுக்கொண்டு நின்றார். மருந்து வண்டியிலிருந்து ஒரு நீர் மாத்திரையை எடுத்து இருளப்பன் உள்ளங்கையில் வைத்தார்.

"எனக்கு வீக்கம் இல்லையே, மேடம்!"

"நாளைக்குக் காலைல அஞ்சு மணிக்குப் போடுங்க. ரெண்டு சொம்புத் தண்ணி குடிங்க. மாடத்தி வேலை பார்க்கிற அளத்துக்குப் போங்க. ஒரு மணிவரைக்கும் அங்கேயே இருங்க."

"உடம்புக்கு ஏதாவது…"

"உடம்புக்கு ஒண்ணும் ஆகாது. மானத்துக்கு நான் பொறுப்பில்ல."

அடுத்த கட்டிலுக்குப் போய்விட்டார்.

மறுநாள் ஆறு மணிக்கு இருளப்பன் அளத்தில் நின்றார். கண்ணுக்கெட்டிய மட்டும் பாத்தி பாத்தியாக வெள்ளை. மரம் இல்லை, புதர் இல்லை, சுவர் இல்லை. ஒரு மைலுக்கு அப்பால் கொக்கு கண் சிமிட்டினாலும் தெரியும்.

நாற்பது பெண்கள் உப்பு வாரிக்கொண்டிருந்தார்கள்.

ஏழு மணிக்கு மாத்திரை வேலையைத் தொடங்கியது. ஏழரைக்கு இருளப்பன் ஒற்றைக்காலில் நின்றார். கொக்குகள் அவரைச் சொந்தக்காரர் என்று நினைத்துப் பக்கத்தில் வந்து நின்றன.

சுடலி என்கிற பெண்தான் முதலில் கண்டுபிடித்தாள்.

"ஏளா, டாக்டர் ஐயா நிக்கிற நெலயப் பாரு! ஐயா, பாத்திக்குள்ள போயிராதிய. ஊரே திங்கிற உப்பு!"

சிரிப்பு அளம் முழுக்க ஓடியது.

"ஆம்பளையாளுவ அந்தத் தூரத்து வரப்புக்குப் போயி முதுகக் காட்டிட்டு நிப்பாவ. நீங்களும் போங்க. நாங்க பாக்க மாட்டோம்."

இருளப்பன் வரப்பைப் பார்த்து நாலு எட்டு வைத்தார். நின்றார். திரும்பினார்.

"நீங்க எங்கே போவீங்க?"

"நாங்களா?" சுடலி கூடையைத் தலைக்கு ஏற்றினாள். "வீட்டுக்கு."

"அதுவரைக்கும்?"

"அதுவரைக்கும் என்ன? தண்ணி குடிக்காம இருப்போம். நீங்க ஏன் இப்படித் துடிக்கிய?"

"நீர் மாத்திரை போட்டேன்."

"அய்ய! வெடியக்காலைல அதப் போட்டுட்டு யாராவது அளத்துக்கு வருவாவளா? படிச்ச மனுசனுக்கு இது தெரியாதா? லீவு நாள்லல்லா போடணும்!"

நாற்பது பேரும் சிரித்தார்கள். இருளப்பன் சிரிக்கவில்லை. சிரித்தால் ஆபத்து.

அவர் வரப்புக்குப் போகவில்லை. அங்கேயே, வெயிலில், பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்தார். எட்டு. ஒன்பது. பன்னிரண்டு. பதினெட்டு வருஷமாகச் சீட்டில் எழுதிய "காலை 1" ஒவ்வொன்றும் அடிவயிற்றில் வந்து கணக்குக் கேட்டது.

ஒரு மணிக்கு வேலை முடிந்தது. அவர் ஓடிய ஓட்டத்தைப் பார்த்து டவுன் பஸ் ஒன்று ஒதுங்கி வழிவிட்டதாம்.

மூன்று மணிக்கு வார்டுக்குள் வந்தார். ரெஜினா மாடத்தியின் டிஸ்சார்ஜ் சீட்டை மட்டும் நீட்டினார்.

இருளப்பன் பதினேழாம் கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்தார். மாடத்தி வழக்கம்போல "சரி சார்" சொல்லத் தயாராக இருந்தாள்.

அவர் சீட்டில் "காலை" என்ற சொல்லை அடித்தார். பேனாவைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு கேட்டார்:

"வேலை முடிஞ்சு எத்தனை மணிக்கு வீட்டுக்குள்ள நுழைவீங்க?"

மாடத்தி அவரை உற்றுப் பார்த்தாள். பிறகு அக்கம்பக்கம் பார்த்தாள். குரலைத் தாழ்த்தினாள்.

"ரெண்டு மணி ஆவும்," என்றாள். "ஒங்களுக்கு யாரு சார் சொன்னா?"