அழாத கடலும் இறங்காத ராஜாவும்

கேளுங்கள். மலைக்கு அந்தப் பக்கம், நாலாபுறமும் நிலம் சூழ்ந்த கடல் ஒன்று முன்னொரு காலத்தில் இருந்தது. மூன்று ஆறுகள் அதற்குத் தண்ணீர் கொடுத்தன. அதன் கரையில் சடையாண்டி என்ற மீனவன், பெண்டாட்டி வெள்ளாச்சியோடு பிழைத்து வந்தான்.

அந்த நாட்டு ராஜா மணிமுடியனுக்குப் பருத்தி ஆசை வந்தது. முதல் ஆற்றை வயலுக்குத் திருப்பினான். சடையாண்டி ஓடிப்போய் முறையிட்டான்.

"ஓர் ஆறு போனால் கடல் அழுமா?" என்றான் ராஜா. சபை சிரித்தது. மந்திரி கொஞ்சம் அதிகமாகவே சிரித்தான். அந்தச் சிரிப்பைச் சடையாண்டி மடியில் முடிந்துகொண்டு வந்தான்.

இரண்டாம் ஆறு கரும்புக்குப் போனது. மறுபடி முறையீடு, அதே கேள்வி, அதே சிரிப்பு. மூன்றாம் ஆறு அரண்மனைப் பூந்தோட்டத்துக்குப் போனது. இந்த முறை வாயிற்காவலனே சிரித்து அனுப்பிவிட்டான்.

கடல் சுருங்கியது. மீன் செத்தது. உப்புப் புழுதி சோற்றில் விழுந்தது. ஊரே மூட்டை கட்டியது. வெள்ளாச்சியும் சட்டிபானையைக் கட்டி வைத்தாள். திருவிழாவுக்குள் தண்ணீர் வராவிட்டால் அண்ணன் வீட்டுக்குப் போய்விடுவதாகச் சொல்லிவிட்டாள்.

திருவிழாவன்று ராஜா படகேறி, நடுத்தீவுக் கோயிலுக்கு மிதந்தே போக வேண்டும் என்பது அங்கே வழக்கம். வழியில் இறங்கினால் கிரீடம் தம்பிக்கு.

புழுதிக்குப் பயந்து பல்லக்குத் திரையை மூடியே வந்த மணிமுடியன், நேரே படகில் கால் வைத்து உட்கார்ந்தான். பிறகுதான் பார்த்தான். சுற்றிலும் மணல். பக்கத்தில் நின்ற தம்பி தன் தலையை மெல்லத் தடவிப் பார்த்துக்கொண்டான்.

"துடுப்புப் போடடா" என்றான் ராஜா.

படகோட்ட வந்திருந்த சடையாண்டி போட்டான். மணல் பறந்து மந்திரியின் வாயில் விழுந்தது. அடுத்த முறையும் அதே பக்கம் போட்டான். அதற்கடுத்த முறையும்.

"படகு ஏனடா நகரவில்லை?"

"கடல் அழவே இல்லை, மகாராஜா. அழுதிருந்தால் கொஞ்சம் தண்ணீராவது இருந்திருக்கும்."

இந்த முறை யாரும் சிரிக்கவில்லை. மூன்று மதகுகளையும் திறக்கச் சொல்லி, உட்கார்ந்த இடத்திலிருந்தே உத்தரவு போட்டான் ராஜா. நாள் பல கழித்து, தண்ணீர் வந்து படகின் அடியை நனைத்தது. உத்தரவைக் கேட்டுப் புறப்படாமல் இருந்த வெள்ளாச்சி, மூட்டையை அவிழ்த்து உலை வைத்தாள். இன்னும் படகிலேயே உட்கார்ந்திருந்த ராஜாவுக்கும் ஒரு கலயம் கஞ்சி கொடுத்தாள். அதில் மிதந்த புழுதியோடு சேர்த்தே அவன் குடித்தான்.

படகு எப்போது மிதக்கும் என்று மெதுவாகக் கேட்டான்.

"கெடுக்கத்தான் சீக்கிரம் முடியும். தங்கள் பேரப்பிள்ளை காலத்தில் மிதக்கலாம்" என்றான் சடையாண்டி.

ஊரார் பிழைக்கும் தண்ணீரைத் தன் ஆசைக்குத் திருப்புகிறவன், கடைசியில் தன் படகையும் தரையில்தான் நிறுத்துவான்.