தோசை எந்தப் பால்?

“என் மகள் எப்போது பேசுவாள்?” என்று கேட்டான் வடமலை.

ஃபிராவ் ஹின்ரிக்ஸ் கையிலிருந்த ஆப்பிளைக் கடித்தார். நிதானமாக மென்றார்.

ஹாம்பர்க் நகரத்தில், ஜெர்மனிலும் ஆங்கிலத்திலும் பாடம் நடக்கிற ஓர் ஆரம்பப் பள்ளி அது. ஒன்றாம் வகுப்புக்கு இரண்டு டீச்சர்கள். ஃபிராவ், அதாவது திருமதி, ஹின்ரிக்ஸ் பிள்ளைகளிடம் ஜெர்மன் மட்டும்தான் பேசுவார். மிஸ் ஒகாஃபோர் ஆங்கிலம் மட்டும்தான். கதவில் விரல் நசுங்கினால்கூட அவரவர் மொழியில்தான் அலறுவார்கள்.

பெற்றோர்களிடம் மட்டும், அதுவும் வகுப்பறைக்கு வெளியே, ஃபிராவ் ஹின்ரிக்ஸ் ஆங்கிலத்துக்கு இறங்கி வருவார். அந்தத் தைரியத்தில்தான் வடமலை வந்திருந்தான்.

“பள்ளியில் சேர்ந்து ஐந்து மாதம் ஆகிறது. வீட்டில் தமிழில் வாய் ஓயாமல் பேசுகிறாள். இங்கே வந்தால் ஜெர்மனிலும் ஒரு வார்த்தை இல்லை, ஆங்கிலத்திலும் ஒரு வார்த்தை இல்லை. ஒரு மொழி வரவில்லை என்றால் இன்னொன்றில் பேசலாம் இல்லையா? அதற்குத்தானே இரண்டு வைத்திருக்கிறீர்கள்?”

“நீங்கள் என்ன செய்தீர்கள்?” என்றார் அவர்.

இந்தக் கேள்விக்காகவே காத்திருந்தவன்போல வடமலை போனை எடுத்துப் படங்களைக் காட்டினான்.

ஜெர்மன் மொழியில் எல்லாப் பொருளுக்கும் பால் உண்டு. கரண்டி ஆண். முள்கரண்டி பெண். கத்தி இரண்டுமில்லை. ஏன் என்று கேட்டால் யாரும் சொல்ல மாட்டார்கள். வடமலை வீட்டிலிருந்த நூற்று நாற்பது பொருள்களில் ஸ்டிக்கர் ஒட்டியிருந்தான். ஆணுக்கு நீலம், பெண்ணுக்குச் சிவப்பு, இரண்டுமில்லாததற்குப் பச்சை. கீழே ஆங்கிலப் பெயர். குளிர்சாதனப் பெட்டிக்கு நீலம். கதவுக்குச் சிவப்பு. மிக்சிக்கு மட்டும் சந்தேகத்தில் இரண்டு.

அவன் மனைவி சுபாஷிணி முதலில் கண்டுகொள்ளவில்லை. உப்பு டப்பாவில் ஒட்டியபோதும் பொறுத்துக்கொண்டாள். கடைசியில், “கறிவேப்பிலைக்கு என்ன கலருங்க?” என்று கேட்டாள். அதைத் தேடியே ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்கப் போனது.

“அடுத்தது எனக்கு ஒட்டிருங்க,” என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள்.

ஃபிராவ் ஹின்ரிக்ஸ் எல்லாப் படங்களையும் பொறுமையாகப் பார்த்தார். ஆப்பிளும் முடிந்தது.

“தலைமையாசிரியர் கடிதம் வந்திருக்கிறது,” என்றான் வடமலை. அவன் குரல் இறங்கிவிட்டது. “அடுத்த வெள்ளிக்கிழமை கூட்டம். இரண்டு மொழிப் படிப்பு மகிழினிக்குப் பொருந்துமா, வேறு பள்ளி பார்ப்பதா என்று அன்றைக்கு முடிவு செய்வார்களாம். இந்தப் பள்ளிக்காகத்தான் ஆற்றுக்கு இந்தப் பக்கம் வீடு மாறி வந்தோம். நான் என்ன செய்யட்டும்?”

அவர் ஆப்பிளின் நடுத்தண்டைக் குப்பைக்கூடையில் போட்டார்.

“ஹாம்பர்க் வந்து எத்தனை வருடம் ஆகிறது?”

“ஆறு.”

அவர் சட்டென்று ஜெர்மனில் ஏதோ சொன்னார். நீளமான வாக்கியம். முடிவில் கேள்விபோல் குரல் உயர்ந்தது.

ஆறு வருடத்தில் வடமலை இதற்கு ஒரு வழி கண்டுபிடித்து வைத்திருந்தான். அலுவலகத்தில் எல்லாம் ஆங்கிலம். ரொட்டிக் கடையில் விரலால் காட்டுவான். பக்கத்து வீட்டுக்காரர் பேசினால் புன்னகை செய்து, தலையாட்டி, இரண்டு வார்த்தை சொல்லுவான். இப்போதும் அதையே செய்தான்.

“யா, யா. டாங்கெ.”

ஆமாம், ஆமாம், நன்றி.

“நல்லது,” என்றார் ஃபிராவ் ஹின்ரிக்ஸ் ஆங்கிலத்தில். “திங்கட்கிழமை முதல் ஒரு வாரம் ஒன்றாம் வகுப்பில் பிள்ளைகளோடு உட்கார முடியுமா என்று கேட்டேன். நன்றியோடு ஒப்புக்கொண்டீர்கள். எட்டு மணிக்கு வந்துவிடுங்கள். வகுப்பறைச் செருப்பு கொண்டு வாருங்கள்.”



திங்கட்கிழமை வடமலை அலுவலகத்துக்கு லீவு போட்டுவிட்டு ஒன்றாம் வகுப்பில் உட்கார்ந்தான்.

நாற்காலி அவன் முழங்கால் உயரம்கூட இல்லை. உட்கார்ந்தால் முட்டி நெஞ்சில் இடித்தது.

மகிழினி அவனைப் பார்க்கவே இல்லை. முந்தின நாளே சொல்லிவிட்டாள்: “அப்பா, என் பக்கத்துல உக்காரக் கூடாது. மூக்கு சிந்தக் கூடாது.”

அவன் பக்கத்தில் லியோனி என்ற சிறுமி உட்கார்ந்திருந்தாள். முன்பற்கள் இரண்டும் விழுந்திருந்தன. அவனை மேலும் கீழும் பார்த்துவிட்டு ஆங்கிலத்தில் கேட்டாள்.

“உனக்கு எத்தனை வயது?”

“முப்பத்தொன்பது.”

அவள் கொஞ்சம் யோசித்தாள். “அத்தனை தடவை ஃபெயிலா?”

மிஸ் ஒகாஃபோரின் வகுப்பில் வடமலை ஜொலித்தான். சூரியன் எங்கே உதிக்கிறது, நண்டுக்கு எத்தனை கால், எல்லாவற்றுக்கும் முதலில் கை தூக்கினான். நான்காவது தடவை, “மற்றவர்களுக்கும் கொஞ்சம் விட்டு வைக்கலாமே,” என்றார் மிஸ் ஒகாஃபோர்.

ஜெர்மன் வகுப்பு தொடங்கியதும் அவன் கை மேசைக்கு அடியில் போய்விட்டது.

ஃபிராவ் ஹின்ரிக்ஸ் ஏதோ சொன்னார். பிள்ளைகள் எழுந்து ஓடினார்கள். எல்லோருக்கும் முன்னால் மகிழினி அலமாரிக்குப் போய், மூன்றாவது இழுப்பறையைத் திறந்து, நீலப் பிடி போட்ட கத்தரிக்கோலை எடுத்து வந்தாள்.

வடமலை கோந்து எடுத்து வந்தான்.

லியோனி அந்தக் கோந்தை வாங்கி வைத்துவிட்டு, அவன் கையில் ஒரு கத்தரிக்கோலைத் திணித்தாள். பெருமூச்சும் விட்டாள்.



செவ்வாய்க்கிழமை மதியம் அவன் ஃபிராவ் ஹின்ரிக்ஸைத் தாழ்வாரத்தில் மடக்கினான்.

“அவளுக்கு எல்லாம் புரிகிறது,” என்றான். “நீங்கள் சிரிக்க வைக்கும்போது மற்றவர்களுக்கு முந்திச் சிரிக்கிறாள். விளையாட்டு நேரத்தில் கையைக் காட்டியே பத்துப் பேரை வேலை வாங்குகிறாள். புரிந்தவளை ஏன் பேச வைக்காமல் இருக்கிறீர்கள்?”

ஃபிராவ் ஹின்ரிக்ஸ் ஒரு கூடையை அவன் கையில் கொடுத்தார். ஈரமான கையுறைகள். பிள்ளைகள் பனியில் ஆடிவிட்டு வந்து கழற்றிப் போட்டவை. நாற்பதுக்கு மேல் இருக்கும்.

“ஜோடி சேருங்கள்,” என்றார்.

வடமலை தரையில் உட்கார்ந்து சேர்த்தான். சிவப்போடு சிவப்பு. கோடுபோட்டதோடு கோடுபோட்டது. அரை மணி நேரம் ஆனது. சேர்க்கச் சேர்க்க அவன் முகம் தெளிந்தது.

“புரிந்துவிட்டது,” என்று எழுந்தான். “இடது கை ஒரு மொழி. வலது கை ஒரு மொழி. ஒன்று மட்டும் இருந்தால் குளிர் போகாது. இரண்டும் சேரும் நாளில்தான் கை வேலை செய்யும். இதைத்தானே சொல்ல வந்தீர்கள்?”

“இல்லை,” என்றார் அவர். “நான்கு மணிக்குப் பிள்ளைகள் வீட்டுக்குப் போக வேண்டும். கையுறை வேண்டும்.”



புதன்கிழமை சாயங்காலம் வடமலை வீட்டில் கதவின் சிவப்பு ஸ்டிக்கரைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தான்.

“என்னங்க, இன்னைக்கு என்ன பாடம்?” என்று கேட்டாள் சுபாஷிணி.

“பனிமனுஷனுக்கு மூக்கு வைக்கிறது.”

“வச்சீங்களா?”

“டீச்சர் சொன்னது புரியல. காதுல வச்சிட்டேன்.”

சுபாஷிணி முகத்தைத் திருப்பிக்கொண்டு அடுப்பைப் பார்த்தாள். தோள் குலுங்கியது.

“சிரி. வெள்ளிக்கிழமை அவளை வேற ஸ்கூலுக்குப் போகச் சொன்னா அப்பவும் சிரி.”

அவள் சிரிப்பை நிறுத்தினாள். அடுப்பை அணைத்துவிட்டு வந்து அவன் எதிரில் உட்கார்ந்தாள்.

“பயமாத்தான் இருக்கு எனக்கும்,” என்றாள். “ஆனா அவளைப் பார்த்தா அவளுக்குப் பயம் இருக்கிற மாதிரியே தெரியலயே.”

உள்ளேயிருந்து மகிழினியின் குரல் கேட்டது. பொம்மைக் கரடிக்குத் தமிழில் திட்டு விழுந்துகொண்டிருந்தது. பாவம், அதுவும் வாயைத் திறக்கவில்லை.



வியாழக்கிழமை காலை எல்லோரும் தரையில் வட்டமாக உட்கார்ந்தார்கள். தினமும் இப்படித்தான். ஒரு நூல்கண்டு கைக்குக் கை மாறும். யார் கைக்கு வருகிறதோ அவர் ஏதாவது பேச வேண்டும். அன்றைக்குக் கேள்வி: காலையில் என்ன சாப்பிட்டாய்?

ஒருவன் ரொட்டி என்றான். ஒருத்தி ரொட்டியும் வெண்ணெயும் என்றாள். லியோனி ஒன்றும் சாப்பிடவில்லை என்றாள். ஏன் என்பதற்கு நீளமாகக் காரணம் சொன்னாள்.

நூல்கண்டு மகிழினியிடம் வந்தது. அவள் அதை மடியில் வைத்துத் தடவினாள். பிறகு அடுத்த பிள்ளையிடம் கொடுத்தாள். ஐந்து மாதமாக அவள் அப்படித்தான் கொடுக்கிறாள்.

நூல்கண்டு வடமலையிடம் வந்தது.

என்ன சாப்பிட்டோம் என்பது அவனுக்குத் தெரியும். தோசை. கேள்வியும் புரிந்தது. வாக்கியத்தின் முதல் பாதிகூடத் தெரியும். அதைச் சொல்லியும்விட்டான்.

“நான் சாப்பிட்டது ஒரு...”

அங்கே நின்றது. அந்த மொழியில் ‘ஒரு’ என்பதும் பாலுக்குப் பால் மாறும்.

தோசை எந்தப் பால்?

வட்டமாக இருப்பதால் ஆணாக இருக்கலாம். ‘ஐ’யில் முடிவதால் பெண்ணாக இருக்கலாம். ஜெர்மனியில் பிறக்காததால் இரண்டுமில்லாததாகவும் இருக்கலாம். நூற்று நாற்பது ஸ்டிக்கர் ஒட்டினவன் தோசைக்கல்லில் ஒட்டியிருந்தான், தோசையில் ஒட்டவில்லை.

இருபத்திரண்டு பிள்ளைகள் அவனையே பார்த்தார்கள்.

அவனுக்குக் காது சூடானது. நூல்கண்டை இறுக்கிப் பிடித்தான். வாயைத் திறந்தான். மூடினான். ரொட்டிக் கடையாக இருந்தால் விரலால் காட்டியிருப்பான். எட்டு வருடம் பொறியாளராக வேலை பார்த்தவன், ஒரு தோசையைச் சொல்ல முடியாமல் உட்கார்ந்திருந்தான்.

“இவருக்குப் பேச வராது,” என்றாள் லியோனி ஜெர்மனில். அது மட்டும் அவனுக்கு நன்றாகப் புரிந்தது.

மிஸ் ஒகாஃபோர் உதவி செய்ய வாய் எடுத்தார். ஃபிராவ் ஹின்ரிக்ஸ் ஒரு விரலை உயர்த்தினார். மிஸ் ஒகாஃபோர் நிறுத்திக்கொண்டார்.

வட்டத்தின் எதிர்ப்பக்கத்தில் மகிழினி எழுந்து நின்றாள்.

லியோனியைப் பார்த்தாள். ஜெர்மனில் சொன்னாள்:

“அவருக்குப் பேச வரும். இப்போது கேட்டுக்கொண்டிருக்கிறார்.”

ஒரு தடுமாற்றம் இல்லை. ஒவ்வொரு சொல்லும் அதனதன் இடத்தில் இருந்தது.

பிறகு மிஸ் ஒகாஃபோர் பக்கம் திரும்பினாள். ஆங்கிலத்தில் சொன்னாள்:

“உதவி வேண்டாம், மிஸ். இப்போது கேட்டுக்கொண்டிருக்கிறார்.”

கடைசியில் அப்பாவைப் பார்த்தாள்.

“எனக்கே அஞ்சு மாசம் ஆச்சுப்பா. உங்களுக்கு நாலு நாள்தான ஆகுது. நூல்கண்டைப் பக்கத்துல இருக்கிற பொண்ணுகிட்ட குடுத்துருங்க.”

உட்கார்ந்துவிட்டாள். சாக்ஸை மேலே இழுத்துவிட்டுக்கொண்டாள்.

மிஸ் ஒகாஃபோர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். ஃபிராவ் ஹின்ரிக்ஸின் முகத்தில் ஏதாவது தெரிகிறதா என்று வடமலை பார்த்தான். அவர் அடுத்த பிள்ளையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

வடமலை நூல்கண்டை அந்தப் பெண்ணிடம் கொடுத்தான்.

“ரொட்டி,” என்றாள் அவள்.



வெள்ளிக்கிழமை தலைமையாசிரியர் அறையில் கூட்டம். வடமலையும் சுபாஷிணியும் ஒரு பக்கம். ஃபிராவ் ஹின்ரிக்ஸ் ஒரு பக்கம். நடுவில் மேசையில் கோப்பு.

தலைமையாசிரியர் ஹெர் ஃபோல்மர் உயரமான மனிதர். மரியாதைக்காக ஆங்கிலத்தில் தொடங்கினார். மகிழினி வகுப்பில் பேசுகிறாளா என்று ஃபிராவ் ஹின்ரிக்ஸிடம் கேட்டார்.

“நேற்று மூன்று மொழிகளில் பேசினாள்,” என்றார் அவர். “ஒன்று எனக்குப் புரியவில்லை. அதுதான் முக்கியமானது என்று நினைக்கிறேன்.”

ஹெர் ஃபோல்மர் கோப்பில் ஒரு வரி எழுதினார். மூடினார். மகிழினி இங்கேயே படிக்கட்டும் என்றார்.

சுபாஷிணி மேசைக்கு அடியில் கணவனின் கையைப் பிடித்தாள். இத்தனை நாள் அடக்கிவைத்த மூச்சை மெதுவாக விட்டாள்.

“இனி அரையாண்டுப் பாடங்களைப் பற்றிக் கொஞ்சம் பேசலாம்,” என்றார் ஹெர் ஃபோல்மர். “உங்கள் வசதிக்காக ஆங்கிலத்திலேயே தொடரட்டுமா?”

சுபாஷிணி தலையாட்டப் போனாள்.

வடமலை தொண்டையைச் செருமினான். நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தான். ஒரு சொல்லைத் தேடினான். கிடைக்கவில்லை. வேறொன்றைத் தேடினான். மூன்று பேரும் காத்திருந்தார்கள்.

“ஜெர்மனில்,” என்றான், ஜெர்மனில். “மெதுவாக.”