எட்டாம் நம்பர் தோசை

"கூப்பிட்டா அது ஏம்மா பதிலே சொல்ல மாட்டேங்குது?" என்றார் குழந்தைவேலு.

ரெஜினா நிமிரவில்லை. அந்த பிஸ்கட் ஆலையில் எந்த எந்திரம் மக்கர் பண்ணினாலும் எல்லாரும் அவளிடம்தான் வந்து நிற்பார்கள். குழந்தைவேலு அவளைவிட இருபது வயது மூத்தவர். வெட்கத்தை விட்டு வந்திருந்தார், பாவம்.

"எது?"

"அடுப்பு லைன்ல எட்டாவது பெட்டி. நேத்து எரிஞ்சுபோச்சு, புதுசு மாட்டினேன். கம்ப்யூட்டர் கூப்பிடுது, பதில் இல்லை. பக்கத்துல நல்லா இருந்த ஒன்பதும் சேர்ந்து படுத்துருச்சு."

அங்கே பன்னிரண்டு பெட்டிகளுக்கும் ஒரே ஒயர்தான். கம்ப்யூட்டர் நம்பர் சொல்லிக் கூப்பிடும். அந்த நம்பர்காரப் பெட்டி மட்டும் பதில் சொல்லி, தன் மோட்டாரை ஓட்டும்.

"ஒயர்?"

"மூணு தடவை மாத்திட்டேன்."

"நம்பர்?"

"நல்ல நம்பராப் பார்த்துத்தான் திருகி வெச்சேன்."

ரெஜினா இப்போது நிமிர்ந்தாள்.

"மூணு மணிக்குள்ள பெல்ட் ஓடலைன்னா லைனை வெளியாளுக்குக் கொடுத்துருவேன்னு மேனேஜர் சொல்லிட்டார்" என்றார் அவர். "பதினெட்டு வருஷமா நான் பார்த்த லைன்ம்மா."

"சாப்பிட்டீங்களாண்ணா?"

"இங்க உயிர் போகுது, நீ சாப்பாட்டைக் கேக்கறியே."

"வாங்க."

கேன்டீனில் அவளே ஒரு தோசை சொல்லி, டோக்கனை வாங்கி அவர் கையில் வைத்தாள். டோக்கனில் எட்டு என்று போட்டிருந்தது.

தேள் கொட்டியது மாதிரி அதை மேசையில் போட்டார் குழந்தைவேலு. எட்டு அவருக்கு ஆகவே ஆகாது. எட்டாம் நம்பர் காலுக்கு ஒன்பதாம் நம்பர் செருப்பு வாங்கி இழுத்துக்கொண்டு நடக்கிற மனுஷர். சட்டைப் பையிலிருந்து சொந்த டோக்கன் ஒன்றை எடுத்தார். அது ஒன்பது. எப்போதோ திருப்பித் தராமல் சுட்டது. தொலைந்துபோனதென்று கேன்டீன் மாஸ்டர் வேறு ஒன்பது செய்து வைத்துக்கொண்டார்.

"ஒன்பது" என்று மாஸ்டர் கூப்பிட்டார்.

குழந்தைவேலு போய் டோக்கனை நீட்டினார். பாக்கிங்கில் வேலை பார்க்கும் முனியப்பனும் வந்து நீட்டினான். அவனுடையதும் ஒன்பது.

மாஸ்டர் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். தட்டை உள்ளே இழுத்துக்கொண்டார்.

"ஒரே நம்பர்ல ரெண்டு பேர் வந்து நின்னா நான் யாருக்குன்னு கொடுக்கறது? ரெண்டு பேருக்கும் கிடையாது, போங்க."

அடுத்த தட்டை எடுத்துவைத்து, "எட்டு" என்றார்.

யாரும் எழவில்லை.

"எட்டு... எட்டுங்க... அட, எட்டுன்னு ஒருத்தருமே இல்லையா?"

குழந்தைவேலு அப்படியே நின்றார். பிறகு செருப்பு படபடவென்று அடிக்க ஓட்டமெடுத்தார்.

புதுப் பெட்டி முன்னால் குந்தினார். முருகா என்று சொல்லிக்கொண்டே, திருகை ஒன்பதிலிருந்து எட்டுக்குத் திருப்பினார். கரண்டை அணைத்து மறுபடி போட்டார். எட்டிலும் ஒன்பதிலும் பச்சை விளக்கு எரிந்தது. பெல்ட் நகர்ந்தது. மணி இரண்டே முக்கால். மனுஷருக்குக் கண் கலங்கிவிட்டது.

மூச்சிரைக்க அவர் கேன்டீனுக்குத் திரும்பியபோது ரெஜினா கை கழுவிக்கொண்டிருந்தாள்.

"ஓடுதும்மா, ஓடுது. இப்பத்தான் பசியே தெரியுது. என் தோசை எங்க?"

"எட்டாம் நம்பருங்களா? உங்களுக்குத்தான் ஆகாதேன்னு நான் சாப்பிட்டுட்டேன்."