கரிச்சான் புகையை விடாத கதை

அந்தக் காலத்தில், மரமும் பறவையும் மனிதரோடு பேசிக்கொண்டிருந்தபோது, கரிச்சான் குருவி கொக்கைப் போல வெள்ளையாக இருந்தது. மலையடிவாரத்தில் தனியாக வாழ்ந்த மாதி என்ற பெண்ணின் தீயைக் காப்பது அதன் வேலை. அவளுக்கும் அதைவிட்டால் வேறு துணை இல்லை.

அங்கிருந்த மருத மரம் தன் காய்ந்த கிளைகளை மாதிக்குக் கொடுத்தது. எரித்து முடித்ததும், சாம்பல் கொடுத்த எடை குறையாமல் தன் வேருக்கே திரும்பி வரவேண்டும் என்று மட்டும் கேட்டுக்கொண்டது. குளிர்காலம் முடிந்ததும் மாதி சாம்பலை அள்ளிக்கொண்டு போனாள். மரம் தன் கிளையில் தராசு கட்டி நிறுத்துப் பார்த்தது.

"பத்துக் கூடை விறகு கொடுத்தேன். இது ஒரு கூடைகூட இல்லையே. மீதியை எடுத்தது யார்?"

 மரம் கைவிட்டால் அடுத்த குளிரில் விறைத்துச் சாக வேண்டியதுதான். தீக்குக் காவல் இருந்தது குருவிதான் என்று மாதி சொல்லிவிட்டாள்.

கரிச்சான் அவளையே பார்த்தது. "நான் எடுக்கவில்லை. மீதி புகையோடு போகிறது. பிடித்து வந்து காட்டுகிறேன்" என்று அவள் வாசலில் எரிந்த தீயின் புகைக்குள் பாய்ந்தது. வெளியே வந்தபோது உடம்பெல்லாம் கரி. வால் வெந்து இரண்டாகப் பிளந்திருந்தது. அலகில் ஒன்றும் இல்லை. புகைக்கு ஏது எடை என்று மாதி அதைத் துரத்திவிட்டாள்.

இனி எவரும் திருட முடியாதபடி, பெரிய பானையில் சருகும் ஒரு கங்கும் போட்டு, மூடியைச் சுற்றிக் களிமண் பூசினாள். வாசலில் ஒரு தராசு கட்டி அதை ஏற்றி, எதிர்த்தட்டில் சம எடைக்குக் கல் வைத்துக் காவல் இருந்தாள். உள்ளே சருகு எரிந்து அடங்கியது. தராசு அசையவே இல்லை. மூடியைப் பெயர்த்து, களிமண்ணோடு அதே தட்டில் வைத்ததும் புகை வெளியேறியது. பானை இருந்த தட்டு மெல்ல மேலே எழும்பியது. உள்ளே பிடி சாம்பல்தான் கிடந்தது. யாரும் எடுக்கவில்லை.

மரத்திடம் போய்ச் சொன்னாள். மரம், தன் இலைகள் இத்தனை நாளும் காற்றிலிருந்து குடித்தது அந்தப் புகையைத்தான் போலிருக்கிறது, தனக்கே அது தெரியாமல் போனது என்றது.

மாதி காடெல்லாம் தேடினாள். எங்கோ புல் எரிந்த மேட்டில் கரிச்சான் புகைக்குள் பாய்ந்துகொண்டிருந்தது.

"நீ சொன்னதுதான் நிஜம். என் கண்ணாலே பார்த்தேன். வீட்டுக்கு வந்துவிடு" என்றாள்.

அது வெறும் அலகோடு வெளியே வந்து, திரும்பவும் புகைக்குள் போனது. அதற்குப் பிறகு அவள் தீ மூட்டும்போதெல்லாம் வந்தது. அவளோடு மட்டும் ஒரு வார்த்தை பேசவில்லை.

அன்று முதல்தான், எங்கே தீ எரிந்தாலும் கரிய உடம்பும் பிளந்த வாலுமாகக் கரிச்சான் வந்து, புகைக்குள் பாய்ந்து பாய்ந்து அலகால் எதையோ கவ்விப் பார்க்கிறது.