நரி தாண்டிய பனிச்சரிவு

வடக்கே ஒரு பனிமலையில் பதினோரு மலையாடுகள் கூட்டமாக வாழ்ந்தன. அவற்றில் சாம்பலி என்றொரு பெண் ஆடு இருந்தது. எதையும் தன் குளம்பால் தட்டிப் பார்த்த பிறகுதான் நம்பும்.

ஒருமுறை மூன்று நாள் ஓயாமல் பனி கொட்டியது. காற்றும் சுழன்றடித்தது. நான்காம் நாள் வெயில் வந்தபோது ஆடுகளின் வயிறு முதுகோடு ஒட்டியிருந்தது. எதிர்மேட்டில் மட்டும் பனி விலகி, மஞ்சள் புல் தலைநீட்டியது. நடுவே செங்குத்தாக ஒரு வெள்ளைச் சரிவு. அதன் குறுக்கே நரியின் காலடித் தடம்.

"பார்த்தீர்களா! விடியும்போதே நரி தாண்டிவிட்டது. நமக்கென்ன பயம்? வாருங்கள்!" என்றான் கூட்டத்தின் தலைவன் நெடுங்கொம்பன்.

அப்போது பனியைத் துளைத்துக்கொண்டு ஒரு சின்ன எலி தலையை நீட்டியது. அதன் பெயர் துருவி. பனிக்கு அடியிலேயே வளை தோண்டி வாழ்வது.

"நில்லுங்கள்! நீங்கள் மேலே பார்க்கிறீர்கள், நான் கீழே பார்க்கிறேன். அடியில் இருக்கும் பழைய பனி காய்ந்த மணலாய் உதிர்கிறது. நேற்று என் வளை இரண்டுமுறை இடிந்துவிட்டது. புதுப் பனி அதன்மேல் பாறைபோல் கனக்கிறது. கால் வைத்தால் மொத்தமும் சறுக்கும்!"

"கைப்பிடி அளவு எலி எனக்கு வழி சொல்கிறதா!" நெடுங்கொம்பன் சிரித்தான்.

சாம்பலி சிரிக்கவில்லை. சரிவின் ஓரத்தில் குளம்பால் பனியைத் தோண்டியது. மேலே கெட்டிப் பலகை. உள்ளே, பொலபொலவென்று மணல்போல் பனி! ஒரே ஓர் அடி எடுத்து வைத்தது. 'தொம்' என்று தரைக்குள்ளிருந்து ஒரு சத்தம். காலடியிலிருந்து ஒரு கீறல் விறுவிறுவென்று ஓடியது. சாம்பலி சட்டென்று பின்னுக்குத் தாவியது.

"வேண்டாம், அண்ணா! பாறை முகடு வழியாகச் சுற்றிப் போவோம்."

"அதற்கு அரைநாள் ஆகும்!"

"ஆகட்டும். பசியோடு போனாலும் உயிரோடு போவோம்!"

ஒன்பது ஆடுகளும் சாம்பலியின் பக்கம் வந்து நின்றன. நெடுங்கொம்பனுக்கு முகம் சுருங்கியது. "கோழைகளா! நான் போய்க் காட்டுகிறேன்!" என்று சரிவில் இறங்கினான்.

பத்து அடி. இருபது அடி. பாதித் தூரம் போனதும் அவன் திரும்பி ஏளனமாகக் கத்தினான்: "என்ன ஆயிற்று எனக்கு?"

அவன் தலைக்கு மேலே சரிவு நெடுக வெடித்தது. வெள்ளைச் சுவர் ஒன்று உறுமிக்கொண்டு இறங்கியது. கண் மூடித் திறப்பதற்குள் நெடுங்கொம்பனைக் காணவில்லை.

"துருவி! மேலே இன்னும் பனி மிச்சமிருக்கிறதா?" சாம்பலி அலறியது.

"இல்லை! எல்லாம் இறங்கிவிட்டது. சீக்கிரம்! புதைந்தவனுக்கு உள்ளே மூச்சு ரொம்ப நேரம் தாங்காது!"

ஆடுகள் பாய்ந்து இறங்கின. துருவி இறுகிப்போன பனிக்குள் இங்கே நுழைந்து அங்கே வெளிவந்தது. ஓரிடத்தில் காதை வைத்துக் கேட்டது. "இங்கே! முனகல் கேட்கிறது!"

பத்து ஆடுகளும் வெறிபிடித்ததுபோல் பனியைத் தோண்டின. சாம்பலியின் குளம்பு பிளந்து ரத்தம் கசிந்தது. அது நிறுத்தவில்லை. கடைசியில் ஒரு மூக்கு தெரிந்தது. நீலம் பாரித்த மூக்கு. சாம்பலி தன் வெதுவெதுப்பான மூச்சை அதன்மேல் ஊதியது. ஒரு கணம் அசைவே இல்லை. பிறகு நெடுங்கொம்பன் இருமினான்.

ஒரு கொம்பு முறிந்து, முன்னங்கால் நொண்ட, அவன் வெளியே வந்தான். துருவியைப் பார்க்கத் தலை நிமிரவில்லை.

"நரி போனதே..." என்று முனகினான்.

"நரியின் எடை உன் எடையில் கால்பங்குகூட இல்லை! அதுவும் ஏதோ தப்பிப் பிழைத்தது!" என்றது துருவி.

அன்று மாலை பதினோரு ஆடுகளும் முகட்டைச் சுற்றி மெல்ல நடந்து புல்மேட்டை அடைந்தன.

ஒருவர் தப்பிப் போய்விட்டார் என்பதாலேயே ஆபத்தான வழி நல்ல வழி ஆகிவிடாது.